பாலாற்றங்கரைப் பிள்ளைகள் பேசட்டும்!

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், கொளத்தூர் தாண்டிச் சிறிது நேரத்தில் ஒரு பாலம் வருகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கம் கர்நாடகம். கீழே ஓடுவது பாலாறு. வேலூர், வாணியம்பாடிக்காரர்கள் சொந்தம் கொண்டாடும் பாலாறு அல்ல இது. மாதேஸ்வரன் மலைக் காட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, காவிரியில் கலந்துவிடும் சின்ன ஆறு. ஆற்றின் பெயரே சோதனைச் சாவடிக்கும் ஆயிற்று. அந்த இடத்துக்கும் ஆயிற்று.

1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும் வரை, இந்தப் பகுதி அடங்கிய கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு மைசூர் ஜில்லாவுக்குப் போயிற்று. 1997இல் சாமராஜநகர் ஜில்லா பிரிந்தபோது அதில் சேர்ந்தது. ஜில்லா மாறிக்கொண்டே இருந்தாலும், எல்லையோரக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி மாறவில்லை. அது தமிழ்தான்.

இந்த ஊர்ப் பெயரைப் பெங்களூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "வீரப்பன் காட்டுப் பக்கமா?" என்ற கேள்விதான் முதலில் வரும். விவரம் தெரிந்தவர் என்றால், 1993 ஏப்ரல் 9ஆம் தேதி நடந்த கண்ணிவெடித் தாக்குதலைச் சொல்வார். அன்று 22 பேர் உயிரிழந்தார்கள். இன்னும் சிலர், 2023 பிப்ரவரியில் தமிழக மீனவர் ஒருவர் இங்கே இறந்து கிடந்ததையும், எல்லையில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதையும் நினைவுபடுத்துவார்கள்.

ஆக, கெட்ட சேதி வந்தால்தான் பாலாற்றின் பெயர் பத்திரிகையில் வரும் என்று ஆகிவிட்டது. அங்கே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி என்ன சொல்வார்கள்? இதுவரை அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்பதற்கு இப்போது ஒரு சுலபமான வழி வந்திருக்கிறது. பள்ளி மாணவர்களே ஒன்றுகூடித் தயாரிக்கும் வகுப்புப் 'பாட்காஸ்ட்' என்பதே அந்த வழி.

கையெழுத்துப் பத்திரிகைக்குத் தம்பி

'பாட்காஸ்ட்' என்றதும் இது ஏதோ பெரிய படிப்புப் படித்தவர்கள் சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். முன்பு பள்ளிக்கூடங்களில் கையெழுத்துப் பத்திரிகை நடத்துவார்கள் அல்லவா? கையெழுத்து நன்றாக இருக்கும் பையன் எழுதுவான். படம் போடத் தெரிந்தவள் அட்டைப்படம் போடுவாள். ஒரே பிரதி வகுப்பு முழுவதும் சுற்றி வரும். அதையே எழுத்துக்குப் பதில் குரலில் செய்தால் அதுதான் வகுப்புப் பாட்காஸ்ட். கையெழுத்துப் பத்திரிகைக்குப் பிந்திப் பிறந்த தம்பி என்று சொல்லலாம்.

இந்தச் சொல் 2004ஆம் ஆண்டில் பிரிட்டனின் 'கார்டியன்' பத்திரிகையில் அச்சேறியது. ஆப்பிள் கம்பெனியின் பாட்டுக் கருவியான ஐபாடின் பெயரையும், ஒலிபரப்பு என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டி உண்டாக்கியது. தமிழில் 'வலையொலி' என்கிறார்கள். ரேடியோவில் நிகழ்ச்சி வரும் நேரத்துக்கு நாம் காத்திருக்க வேண்டும், தவறவிட்டால் போனதுதான். வலையொலி அப்படியல்ல. பதிவு செய்து இன்டர்நெட்டில் வைத்துவிட்டால், நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர் விடியற்காலையிலும் கேட்கலாம். துபாயில் இருக்கும் மாமா வெள்ளிக்கிழமையிலும் கேட்கலாம்.

வழி காட்டிய மைசூர்

இதில் மைசூருக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. மைசூர் மகாராஜா கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்தவர் எம்.வி. கோபாலசுவாமி. 1935 செப்டம்பரில், தம்முடைய 'விட்டல் விஹார்' வீட்டிலேயே ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கினார். முதலில் இருந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி 30 வாட். மிகச் சிறிய சக்திதான் அது! அந்த நிலையத்துக்குச் சூட்டிய பெயர் 'ஆகாசவாணி'. பிற்காலத்தில் இந்திய அரசின் வானொலியே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 1942இல் மைசூர் அரசு நிலையத்தை ஏற்றுக்கொண்டது.

கோபாலசுவாமி குழந்தைகள் கல்வியிலும் அக்கறை கொண்டவர். மைசூரில் அவர் பெயர் தாங்கிய சிசு விஹாரப் பள்ளி இருக்கிறது. பெரிய கட்டடமும் சர்க்கார் உத்தரவும் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சொந்த வீட்டின் ஓர் அறையே போதும் என்று துணிந்தார்.

அந்தத் துணிச்சலை அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு கிராமத்திலும் பார்க்க முடிந்தது. பங்காருப்பேட்டை ஜங்ஷனைத் தெரியாத கோலார் தமிழர் இருக்க முடியாது. அந்தத் தாலுகாவில்தான் பூதிக்கோட்டை இருக்கிறது. ஹைதர் அலி பிறந்த ஊர். 2003இல் அங்கே 'நம்ம த்வனி', அதாவது 'நம் குரல்' என்ற பெயரில் ஓர் ஒலி நிலையம் தொடங்கியது. மைராடா, வாய்சஸ் என்ற தொண்டு நிறுவனங்கள் முன்நின்றன, யுனெஸ்கோ உதவியது. அப்போது கிராமத்து அமைப்புகளுக்கு ரேடியோ லைசென்ஸ் கிடையாது. என்ன செய்தார்கள்? வீடுகளுக்குப் போகும் கேபிள் டிவி ஒயரிலேயே குரலை அனுப்பினார்கள்! ஊர் மக்களே பேசினார்கள், பதிவு செய்தார்கள், கேட்டார்கள்.

வான் அலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995இல் தீர்ப்புச் சொல்லியும், தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த அனுமதி 2006இல்தான் வந்தது. கல்வி நிலையங்களுக்குச் சற்று முன்பே வழி திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எப்.எம்.' 2004 பிப்ரவரியில் தொடங்கியது. இன்றைக்கும் ஒரு வானொலி நிலையம் வைக்க லைசென்ஸ் வேண்டும், கோபுரம் வேண்டும், லட்சக்கணக்கில் பணம் வேண்டும். பள்ளிக்கூடத்து வலையொலிக்கு அந்த லைசென்சும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஆசிரியரின் செல்போன் ஒன்று போதும்.

கேட்கும் பிள்ளைகளும் பேசும் பிள்ளைகளும்

ரேடியோவுக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்புச் சேவை தொடங்கியபோதே, பள்ளி நாட்களில் மாலை 4 மணி முதல் 4-30 வரை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சங்கீதப் பாடமும் கதையும் ஒலிபரப்பினார்கள். பிற்காலத்தில் சென்னை வானொலியில் 'வானொலி அண்ணா' கூத்தபிரானின் குரலுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் காத்துக் கிடந்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டியாக இருக்கிறார்கள். கர்நாடகத்தில் 'கேளி கலி' என்ற பெயரில் வானொலிப் பாடங்கள் வந்தன. 'கேட்டுக் கற்றுக்கொள்' என்பது அதன் பொருள். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, மத்தியக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ.யின் 'சிக்ஷா வாணி' வலையொலியிலும் பாடங்கள் வந்தன.

எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் பெரும்பாலும் பெரியவர்கள் பேசினார்கள், பிள்ளைகள் கேட்டார்கள். பிள்ளைகளை மைக் முன்னால் நிறுத்தியவர்கள் குறைவு. அந்தக் குறைவானவர்களில் ஒன்று இலங்கை வானொலி. அதன் 'சிறுவர் மலர்' நிகழ்ச்சியில் பிள்ளைகளே பாடினார்கள், நடித்தார்கள். பின்னாளில் தமிழ் கேட்கும் நாடெங்கும் புகழ் பெற்ற அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் சிறுவனாக மைக் பிடித்தது இலங்கை வானொலியின் சிறுவர் நிகழ்ச்சியில்தான்.

பிள்ளைகளைப் பேசவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம்.

யானையைத் தூக்கிலிட்ட ஊர்

அமெரிக்காவின் பொது வானொலியான என்.பி.ஆர்., 2019இல் பள்ளி மாணவர்களுக்கு முதல் வலையொலிப் போட்டி நடத்தியது. ஐந்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை யாரும் சேரலாம். ஆனால் தனியாக அல்ல. ஆசிரியர் மூலம், வகுப்பாகவோ குழுவாகவோ அனுப்ப வேண்டும். நிகழ்ச்சி பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. சுமார் 6,000 நிகழ்ச்சிகள் வந்து குவிந்தன.

உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் வென்றவர்கள், டென்னசி மாநிலத்தின் எலிசபெத்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்த நான்கு மாணவர்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பக்கத்து ஊரான எர்வினின் கதை. 1916இல் ஒரு சர்க்கஸ் கம்பெனியின் மேரி என்ற யானை தன் பாகனைக் கொன்றுவிட்டது. யானையைக் கொல்ல வேண்டும் என்று ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். அத்தனை பெரிய மிருகத்தை எப்படிக் கொல்வது? எர்வின் ஊர் ரயில்வே யார்டில் பெரிய கிரேன் இருந்தது. யானையை அங்கே கொண்டுபோய், அந்தக் கிரேனில் சங்கிலி கட்டித் தூக்கிலிட்டுவிட்டார்கள். தடம் புரண்ட வண்டியைத் தூக்குவதற்காக வைத்திருந்த கிரேன்!

யானை எர்வின் ஊர் யானை அல்ல; சர்க்கஸும் அந்த ஊர் சர்க்கஸ் அல்ல. ஆனால் பழி மட்டும் ஊருக்கு வந்து சேர்ந்தது. நூறு ஆண்டுகள் 'யானையைத் தூக்கிலிட்ட ஊர்' என்றே பெயர். அந்தப் பழியைப் போக்க, இப்போதைய ஊர்க்காரர்கள் தெருவில் யானைச் சிலைகளை வைத்து ஏலம் விட்டு, அந்தப் பணத்தை யானைகள் காப்பகத்துக்குக் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள். பழைய கொடுமையை மறைக்கவில்லை. புதிய மனத்தையும் விடவில்லை. பரிசு கிடைத்தது.

அதே போட்டியில் நடுநிலைப் பள்ளிப் பிரிவில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிச் சிறுமிகள் வென்றார்கள். மாதவிடாய் பற்றிப் பேசவே பெண்பிள்ளைகள் ஏன் கூச்சப்பட வேண்டும் என்பது அவர்கள் கேட்ட கேள்வி. பெரியவர்கள் தயங்கும் விஷயத்தைப் பிள்ளைகள் பளிச்சென்று பேசிவிட்டார்கள்.

எர்வின் ஊர்க் கதையைக் கேட்கும்போது பாலாறும் கோபிநத்தமும் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

காட்டுக்குள் இருக்கும் கதைகள்

பாலாறு சோதனைச் சாவடியிலிருந்து காட்டு வழியாகப் போனால் கோபிநத்தம். வீரப்பன் பிறந்த ஊர். 2004 அக்டோபர் 18ஆம் தேதி அவன் கதை முடிந்தும், ஊர்ப் பெயரோடு ஒட்டிய பெயர் போகவில்லை. ஆனால் அதே கோபிநத்தத்தில் மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டிக்கொடுத்தவர் வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ். துப்பாக்கியைவிட ஊராரின் நம்பிக்கை பெரிது என்று எண்ணி, மருத்துவ வசதிக்கும் ஏற்பாடு செய்தவர் அவர். சரணடைவதாகச் சொன்ன வீரப்பன் பேச்சை நம்பிச் சென்றவர், 1991 நவம்பர் 10ஆம் தேதி கொல்லப்பட்டார். அரசு அவருக்குக் கீர்த்தி சக்கரம் அளித்தது. ஊரார் அவர் படத்தைக் கோயிலில் வைத்தார்கள். கொள்ளைக்காரன் ஊர் என்று பெயரெடுத்த ஊர், அதிகாரி ஒருவருடைய படத்தைக் கோயிலில் வைத்திருக்கிறது. இதை அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் குரலில் சொன்னால் எப்படி இருக்கும்!

காவிரி நீருக்கு அடியிலும் கதைகள் உண்டு. மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றபோது, மேட்டாங்காட்டுக்கு ஏறிப்போன குடும்பங்கள் எத்தனையோ. தண்ணீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும், கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். பத்திரிகைகள் உடனே படம் போடும். அந்தக் கோயில் மணியைக் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்? அவர்கள் குரல் எங்கும் பதிவாகவில்லை. இன்று அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் தாத்தா பாட்டியாக இருக்கிறார்கள். "ஆயா, உங்க பாட்டன் ஊர் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்க ஒரு பிள்ளை வேண்டும். அவ்வளவுதான்.

மாதேஸ்வரன் மலைக்குச் சேலம், தர்மபுரி, ஈரோடு பக்கத்திலிருந்து நடந்தே போகும் பக்தர்கள் இருக்கிறார்கள். மலையில் கம்சாளே என்ற வெண்கலத் தாளத்தைத் தட்டி, மாதேஸ்வரன் கதையைக் கன்னடத்தில் விடிய விடியப் பாடுகிறார்கள். தமிழ் பேசும் பக்தர் அதைக் கேட்டுக் கை கூப்புகிறார். இரண்டு மொழியும் ஒரே படியில் ஏறும் இடம் அது. இதையும் ஒரு வகுப்பு பதிவு செய்யலாம். ஆற்றில் மீன் பிடிப்பவர் எப்படி வலை பின்னுகிறார், யானை வந்தால் ஊரில் எப்படிச் சேதி சொல்கிறார்கள், பள்ளிக்கூடம் போக எத்தனை தூரம் நடக்க வேண்டும் என்பவையும் கதைகள்தான்.

எழுதத் தெரியாவிட்டால் என்ன?

கர்நாடகத் தமிழர் எல்லோருக்கும் உள்ள கவலை ஒன்று இங்கே வருகிறது. 2015இல் வந்த கன்னட மொழிக் கற்றல் சட்டத்தின்படி இந்த மாநிலப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயம். அதில் தவறில்லை. வாழும் நாட்டு மொழி தெரியாமல் பிழைக்க முடியாது. ஆனால் கன்னடம், ஆங்கிலம், சில இடங்களில் இந்தி என்று மூன்று எழுத்து படித்த பிறகு, தமிழ் எழுத்துக்குப் பல பிள்ளைகளிடம் இடமில்லை. ஓக்கலிபுரத்திலும் அல்சூரிலும் கே.ஜி.எஃபிலும் இதே நிலைதான். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும் பெண், ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையைப் படிக்க அப்பாவிடம் நீட்டுகிறாள்.

எழுத்தை விட்டுவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எழுத்து வரும்வரை பேச்சைப் பூட்டி வைப்பானேன்? வலையொலிக்கு எழுத்து தடையல்ல. தமிழைக் கன்னட எழுத்தில் குறித்து வைத்துக்கொண்டுகூட ஒரு பிள்ளை பேசலாம். கேட்கிறவர் காதுக்கு அது தமிழாகவே போய்ச் சேரும். நான்கு பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், 'இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன?' என்று பிள்ளையே பாட்டியிடம் போய்க் கேட்கும். அந்தக் கேள்விதான் பாடம்.

ஒரே நிகழ்ச்சியைப் பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் செய்தால் இன்னும் நல்லது. ஒரே பெஞ்சில் உட்காரும் தமிழ்ப் பிள்ளையும் கன்னடப் பிள்ளையும் சேர்ந்து பேசலாம். காவிரித் தகராறு வந்த ஆண்டுகளில் இரு பக்கமும் பஸ் நின்ற அனுபவம் பெரியவர்களுக்கு உண்டு. பிள்ளைகளின் குரல் அப்போதும் எல்லை தாண்டிப் போகும்.

எப்படிச் செய்வது?

ஆசை இருந்தால் வழி எளிது. செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

வகுப்பை நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் பதிவு செய்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் வெட்டி ஒட்டுபவர். அடுத்த மாதம் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். எப்போதும் பேசுகிற பிள்ளையே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் பழையபடி கேட்பவர்களாகவே நின்றுவிடுவார்கள்.

ஐந்து நிமிடம் போதும். நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் என்று வைத்தால், ஐந்நூறு சொல். அதைப் பாடப்புத்தக நடையில் எழுதினால் கேட்கிறவர் தூங்கிவிடுவார். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதைப் போல எழுத வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு சேதி.

கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்று பதில் வரும் கேள்வி பயன்படாது. "அணை கட்டினது உங்களுக்குக் கஷ்டமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று முடிந்துவிடும். "அந்த வருஷம் என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றால் பாட்டி பேசுவார். அவர் பேசும்போது நடுவில் 'ம்ம்' கொட்டக் கூடாது. தலையை ஆட்டினால் போதும்.

வெறும் சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். ஜமக்காளமும் போர்வையும் தொங்கவிட்ட அறை நல்ல ஸ்டூடியோ. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் நல்லது. பேச்சைத் தனியாகவும், ஆற்றுச் சத்தம், சந்தைச் சத்தம், பஸ் வந்து நிற்கும் சத்தம் ஆகியவற்றைத் தனியாகவும் பதிவு செய்து, பிறகு சேர்க்கலாம். வெட்டி ஒட்டுவதற்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 'ஆடாசிட்டி' அவற்றில் ஒன்று.

பேச்சுக்கு ஏற்ற அளவில் சுருக்கி வைத்தால், பத்து நிமிட நிகழ்ச்சி ஐந்து எம்.பி.க்குள் அடங்கிவிடும். செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவுதான் அது. காட்டுப் பக்கம் சிக்னல் கிடைக்காவிட்டால், கொள்ளேகாலுக்கோ மேட்டூருக்கோ போகும் நாளில் அனுப்பிக்கொள்ளலாம். இன்டர்நெட்டே வேண்டாம் என்றாலும் சரி. மாதம் ஒருநாள் பள்ளி வராந்தாவில் ஒலிபெருக்கி வைத்து, ஊரைக் கூட்டிக் கேட்கச் செய்யலாம்.

கவனம் தேவை

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இந்தக் காட்டோரக் கிராமங்களில் ஆறாத புண்கள் உண்டு. வீரப்பன் கையில் உறவினரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தேடுதல் வேட்டையில் அதிரடிப் படையிடம் அடிபட்டவர்களும் இருக்கிறார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. 2007இல், பாதிக்கப்பட்ட 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் தர ஆணையம் சொன்னது. பத்து வயதுப் பிள்ளை மைக்கை நீட்டிக்கொண்டு போய்க் கிளறும் விஷயமல்ல இது.

பேச விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. பேசியவர் மறுநாள் வந்து "வேண்டாம், அதை எடுத்துவிடு" என்றால் எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளின் முழுப் பெயரும் வீட்டு விலாசமும் நிகழ்ச்சியில் வரக் கூடாது. பெற்றோரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வெளியிடும் முன் ஆசிரியர் ஒருமுறை முழுவதும் கேட்க வேண்டும். ஆனால் கேட்பது திருத்துவதற்காக அல்ல. பிள்ளையின் பேச்சில் கன்னடச் சொல் கலந்தால் கலக்கட்டும். அது எல்லைக்கரைத் தமிழ். வானொலி நிலையத்து அறிவிப்பாளரைப் போல அதை இழுத்து நிமிர்த்தினால், கடைசியில் ஆசிரியரின் குரல்தான் மிஞ்சும்.

மார்க் கிடைக்குமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நேரடியாகக் கிடைக்காது. ஆனால் முன்பின் தெரியாத பெரியவரிடம் மரியாதையாகப் பேசி, கேள்வி கேட்டு, கேட்டதைச் சுருக்கி, ஐந்து நிமிடத்தில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எந்த ஆபீஸ் இன்டர்வியூவிலும் நாக்கு ஒட்டிக்கொள்ளாது. வாய் பேசத் தெரியாததால் பின்தங்கி நின்ற தகப்பன்மார் எத்தனையோ பேருக்கு இதன் அருமை தெரியும்.

1934இல் மேட்டூரில் தண்ணீர் ஏறியது, ஊர்கள் மூழ்கின. மறு ஆண்டே மைசூரில் ஒரு பேராசிரியர் வீட்டில் ஆகாசவாணி பேசத் தொடங்கியது. இரண்டும் ஒரே காவிரிச் சீமையில்தான் நடந்தன. ஆனால் அந்த மைக்குக்கும் அந்த ஊர் மக்களுக்கும் நடுவில் காடும் மலையும் இருந்தன. மூழ்கிய ஊர்க்காரர்களின் குரல் அவர்களோடு போயிற்று.

இன்று அந்தத் தூரம் இல்லை. மைக் ஒவ்வொரு வீட்டுச் சட்டைப் பையிலும் இருக்கிறது. பாலாற்றுப் பாலத்தின் மேல் நின்று ஒரு பிள்ளை, "இது எங்க ஊரு, கேளுங்க" என்று சொல்லும் நாள் வந்தால், கேட்பதற்கு பெங்களூரிலும் மைசூரிலும் கோலாரிலும் ஆயிரம் காதுகள் காத்திருக்கும்.